வெங்காயத்தின் ஐந்து நிமிடம்

சமையல் குறிப்புகளில் நெடுநாள் என்னை ஏமாற்றிய வரி ஒன்று உண்டு: “வெங்காயம் பொன்னிறமாகும்வரை ஐந்து நிமிடம் வதக்கவும்.” தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டிய நிலை வந்த முதல் வாரங்களில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிகச் சரியாக ஐந்து நிமிடம் வதக்குவேன், வெங்காயமோ வெளிறிய நிறத்தில், கண்ணாடிபோல் பளபளத்தபடி, தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருக்கும். குறிப்பை எழுதியவர் தவறியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கையில்தான் குறை என்று முடிவு செய்து தீயைக் கூட்டுவேன். ஓரங்கள் கருகியும் நடுவில் பச்சை வாடை போகாமலும் ஏதோ ஒன்று தட்டுக்கு வரும்.

வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர்தான் என்று பிற்பாடு படித்தபோதே இது விளங்கியது. வாணலியில் நீர் தேங்கி நிற்கும்வரை, அடியில் எவ்வளவு தீ எரிந்தாலும், உள்ளிருப்பது 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காய் வேகுமே தவிரச் சிவக்காது. சிவக்கவைத்து மணத்தை எழுப்புவது அமினோ அமிலங்களுக்கும் சர்க்கரைக்கும் இடையே நடக்கும் வினை. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி காமில் மயாரின் பெயரால் அதை மயார் வினை என்கிறார்கள். அது விறுவிறுவென நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வெப்பம் வேண்டும். ஆக, நான் வதக்கிய அந்த ஐந்து நிமிடமும் நீரை விரட்டுவதிலேயே போய்விட்டது. நிறம் ஏறும் கட்டம் அதன் பிறகுதான் தொடங்கும். பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயங்கள் மிதமான தீயில் பொன்னிறமாக எனக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நன்கு பழகியவர்கள்கூட ஐந்து நிமிடத்தில் இதைச் செய்வதை நான் பார்த்ததில்லை.

இது தெரிந்தபின் மற்றவை தாமாகவே பிடிபட்டன. வாணலி நிறையக் குவித்துப் போட்டால் ஆவி வெளியேற வழியின்றி எல்லாம் அவிந்துபோகும்; மூடி போட்டாலும் அப்படியே. தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை உப்புத் தூவினால் வெங்காயம் தன் நீரைச் சீக்கிரம் விட்டு மெத்தென்று ஆகும். அடியில் பழுப்பாகப் படியத் தொடங்கினால் பதறாமல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிவிடலாம். நான் கருகல் என்று எண்ணிப் பாத்திரத்தோடு கழுவிக் கொட்டிய அந்தப் படிவில்தான் சுவையெல்லாம் இருந்தது.

சோற்றில் நேர்ந்தது இதற்கு நேர்மாறான தவறு. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்ற கணக்கு எனக்கு ஒத்துவந்தது. விருந்தினர் வந்த ஒரு நாள், மூன்று கப் அரிசிக்கு ஆறு கப் தண்ணீர் வைத்தேன். கணக்குச் சரி, சோறு கூழ். அரிசி உறிஞ்சிக்கொள்ளும் நீர் ஏறக்குறைய அதன் கொள்ளளவே. மீதியை நாம் வைப்பது ஆவியாகிப் போவதற்காக. ஆவியாகும் அளவைப் பாத்திரத்தின் அகலமும் மூடியின் இறுக்கமும் வேகும் நேரமும் முடிவு செய்கின்றன. அரிசியை மும்மடங்காக்கினால் அது மும்மடங்காவதில்லை. இப்போது அரிசிக்குச் சமமாக ஒரு பங்கும், ஆவிக்கென அரை கப்பிலிருந்து ஒரு கப் வரையும் சேர்க்கிறேன். பழைய அரிசியானால் சற்றுக் கூடுதலாக. தீயை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறப்பதில்லை, ஏனெனில் மேலும் அடியிலும் வேறுபட்டிருக்கும் ஈரம் அந்த இடைவெளியில்தான் ஒரே சீராகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிக்கும் சோற்றுக்கு முழுக்கப் பொருந்தும். அளவாக நீர் வைத்துச் சமைப்பவர் அதை நம்பி மேலிருந்து ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால், அது விறைத்திருக்கும்போதே அடி பிடித்திருக்கும்.

மிஞ்சிய சோற்றை இரவு முழுக்க அடுப்பின்மேல் விட்டுவைக்கும் வழக்கத்தையும் அப்போதே கைவிட்டேன். பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் தங்கி, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகையால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைக்க, தளதளவென்று பொங்கும் கொதி தேவையில்லை. மெல்லக் கொதிக்கும் நீரும் ஆர்ப்பரிக்கும் நீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. கொதி வந்தபின் தீயைக் குறைத்தால் எரிவாயு மிஞ்சும், முட்டை மோதி உடையாது. முழு உருளைக்கிழங்கைக் குளிர்ந்த நீரிலேயே போட்டுச் சூடேற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிப்புறம் கரைந்தும் நடுவில் வேகாமலும் இருக்கும். முட்டைக்கு நேர்மாறு: கொதிக்கும் நீரில் மெல்ல இறக்கினால் ஓடு எளிதாக உரிகிறது.

உப்பைப் பற்றி எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. “உப்பு தேவையான அளவு” என்பதைப்போல் புதியவரைக் கைவிடும் சொற்றொடர் வேறில்லை. எவ்வளவு தேவை என்று தெரிந்திருந்தால் அவர் ஏன் குறிப்பைப் பார்க்கிறார்? எனக்குக் கைகொடுத்த வழி, தொடக்கத்தில் பாதி மட்டும் போட்டு, கடைசியில் சுவைத்துப் பார்த்து மீதியைச் சேர்ப்பது. குழம்பு வற்ற வற்ற நீர்தான் போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. நீர்த்திருக்கும்போது சரியாக இருந்தது சுண்டியதும் கரிக்கும். கரித்துவிட்டால் உருளைக்கிழங்கைப் போடு என்பார்கள்; அது உப்புநீரில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளுமே ஒழிய, மிஞ்சிய நீரின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத வேறு எதையாவது கூட்டி அளவைப் பெருக்குவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிட்டவில்லை. அப்படிப் பெருக்கியதை இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

புதிதாக ஒன்றைத் தேடாமல், சோறு, வதக்கிய ஒரு காய், வேகவைத்த முட்டை என்ற இந்த மூன்றையே ஏறக்குறைய இரண்டு மாதம் திரும்பத் திரும்பச் செய்தேன். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே வாணலி, ஒரே அடுப்பு, ஒரே காய் என்றிருந்ததால், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கண்டுபிடிக்க முடிந்தது. தண்ணீர் மிச்சமிருக்கும்போது கொதகொதவென்று வரும் ஒலி, அது போனதும் சடசடவென்று மாறுவதைக் காது கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இப்போதெல்லாம் வெங்காயத்தை அடுப்பில் ஏற்றிய பிறகே மற்ற காய்களை நறுக்க உட்காருகிறேன். ஒலி மாறியதும் எழுந்துபோனால் போதும். நேற்று பேச்சில் ஆழ்ந்து அந்தச் சடசடப்பைத் தவறவிட்டேன்; வாணலி இன்னும் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.