சத்தம் இல்லாத கம்ப்யூட்டரும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும்

முகூர்த்த மாதம் வந்தால் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்குத் தூக்கம் கிடையாது. எனக்கு இல்லாதது பரவாயில்லை, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்குமே இல்லாமல் போனதுதான் பிரச்சினை. கம்ப்யூட்டர் இருப்பது கூடத்து மூலையில். சில்வர் பீச்சில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நடந்து வரும் காட்சியை முழு வீடியோவாக்கும் ரெண்டருக்குப் போட்டால் போதும் (கடலூரில் கல்யாணம் என்றால் அந்த மணலில் ஸ்லோ மோஷனில் நடந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ), கேபினெட்டுக்குள் இருக்கும் ஃபேன்கள் கிளம்பிவிடும்.

"ஏன்டா கண்ணு, அதுக்கு இழுப்பு கிழுப்பு இருக்கா? ராவெல்லாம் மூச்சு வாங்குது" என்றார் ஆயா.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டாலும் கை சும்மா இருக்காது. பரண் மேலிருந்து பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றை, அந்தக் காலத்துப் பெரிய பெட்டி மாடல், துடைத்து எடுத்து வந்துவிட்டார். "இதை நடுவுல போடு, வேகம் குறையும், சத்தமும் குறையும்."

அந்தப் பெட்டி 230 வோல்ட் ஏசிக்கு, இந்த ஃபேன் 12 வோல்ட் டிசி, ஒத்துவராதுப்பா என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆனால் அவர் சொன்ன அடிப்படை சரிதான். வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும், அதுவும் நாம் நினைப்பதைவிட நன்றாகவே குறையும். ஃபேன் பாதி வேகத்தில் ஓடினால் காற்று பாதியாகும், சத்தமோ கணக்குப்படி சுமார் 15 டெசிபெல் இறங்கும். காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் காதுக்கு நிறைய லாபம்.

கேபினெட்டைத் திறந்தோம். கடல் காற்றில் வரும் ஈரத்தோடு தூசி சேர்ந்து இறக்கை ஓரமெல்லாம் பசையாக அப்பியிருந்தது. ஊதினால் போகிற தூசி இல்லை. அப்பா பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டினார், நான் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒயர்களைக் கவனித்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேல் இருந்த ஃபேனில் நாலு ஒயர், பின்பக்க ஃபேனில் மூணு. "இதுல ஒண்ணு எங்கடா போச்சு?"

எங்கேயும் போகவில்லை. மூணு ஒயர் ஃபேனுக்கு கரென்ட் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று, எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்ல ஒன்று. அதன் வேகத்தைக் குறைக்க வோல்ட்டைத்தான் குறைக்க வேண்டும். நாலாவது ஒயர் இருந்தால் 12 வோல்ட் அப்படியே இருக்கும். அந்த ஒயர் வழியாக நொடிக்கு 25,000 தடவை 'ஓடு, நில்லு' என்று கட்டளை போகும். ஓடு அதிகமானால் வேகம், நில்லு அதிகமானால் மெதுவு. இதற்குப் பெயர் பிடபிள்யூஎம். ஏன் 25,000 என்றால், மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. அதற்குக் கீழே வைத்தால் மோட்டாரே கீச்சென்று பாடும். இதைக் கேட்டு அப்பா முகத்தில் வந்த திருப்தியை நான் பத்தாவது பாஸ் ஆனபோதுகூடப் பார்த்ததில்லை.

அசெம்பிள் செய்து கொடுத்த கடையில், பயாஸ் என்கிற கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில், எல்லா ஃபேனையும் பிடபிள்யூஎம்மிலேயே வைத்திருந்தார்கள். மூணு ஒயர் ஃபேனுக்கு அந்தப் பாஷை தெரியாது. வாங்கிய நாள் முதல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை டிசி என்று, அதாவது வோல்ட்டைக் குறைக்கும் முறைக்கு, மாற்றியதும் பாதிச் சத்தம் காலி.

மீதி, பிராசஸர் ஃபேன். உண்மையில் எரிச்சல் தந்தது இதன் வேகம்கூட இல்லை, ஏற்ற இறக்கம்தான். மவுஸை அழுத்தினால் சூடு ஒரு நொடி குதிக்கும், ஃபேனும் கூடவே சீறும், அடங்கும், மறுபடி சீறும். ஒரே சீரான சத்தம் என்றால் மனசு பழகிக்கொள்ளும், இதற்குப் பழகவே முடியாது. அதனால் 60 டிகிரி வரை மெதுவாக ஓடு, அப்புறம் சாவகாசமாக ஏறு, 85-க்கு மேல் முழு வேகம் என்று கோடு போட்டு, சூடு குதித்தாலும் சில நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஏறும்படி வைத்தேன். வேகத்தை ரொம்ப இறக்கப் போனபோது அப்பாதான் தடுத்தார். "ஓடுற மோட்டார் கம்மியில ஓடும், நின்ன மோட்டார் கம்மியில கிளம்பாதுடா." அனுபவம் பேசுகிறது. வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் ஏற்றினேன்.

ஆனாலும் அவருக்குப் பயம் போகவில்லை. அக்னி நட்சத்திரத்தில் கூடமே கொதிக்கிறது, ஃபேன் மெதுவாக ஓடினால் உள்ளே எரிந்துவிடாதா? சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றேன். நம்பவில்லை. சரி என்று ஒரு சாஃப்ட்வேர் போட்டு, திரையின் மூலையில் எப்போதும் டிகிரி தெரியும்படி வைத்து, "50-க்குக் கீழ இருந்தா சும்மா இருக்கு, 70-க்கு மேல போனா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பாடம் எடுத்தேன். அன்று முதல் போகும்போதும் வரும்போதும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பார்.

வீடு அமைதியானது. எனக்குச் சனியும் பிடித்தது.

இத்தனை நாள் ஃபேன் கத்தினால் "புள்ள வேலையா இருக்கான்" என்று யாரும் கிட்டே வர மாட்டார்கள். இப்போது சத்தமே இல்லையா, சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவுக்குத் திருப்பாப்புலியூர் போய்க் காய் வாங்கி வர ஆள் கிடைத்தது. ஆயாவுக்குக் கால் பிடிக்க ஆள் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் தூக்க ஆள் கிடைத்தது.

வேறு வழியில்லாமல் அதே சாஃப்ட்வேரில் 'முழு வேகம்' என்று இன்னொரு செட்டிங் போட்டு வைத்தேன். அடுக்களையிலிருந்து கட்டைப்பை உதறும் சத்தம் கேட்டால் ஒரு கிளிக். ஃபேன்கள் பழையபடி அலறும். "பாவம், அவனை விடு" என்று ஆயா சிபாரிசு செய்வார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது.

போன ஞாயிறு கொத்தமல்லி தீர்ந்துபோனது. கிளிக். ஃபேன்கள் அலறின. நானும் புருவத்தைச் சுருக்கித் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"46 டிகிரிதான் காட்டுது. இதுக்கு எதுக்கு இவ்ளோ அலறல்? எழுந்து பையை எடு."