அதே பார்க், அதே பெஞ்சு, அதே புளிசாதம்

போன மாசம் ஒரு கல்யாணத்துல பந்தி முடிஞ்சு வெத்தல பாக்கு மென்னுக்கிட்டு உக்காந்திருந்தப்ப சகலை கேட்டாருங்க, "ஏனுங்க, இந்த வருஷமும் அங்கதானா?" அப்படின்னு. கேட்ட தொனி இருக்கே, "இன்னும் வாடகை வீட்டுலதான் இருக்கீங்களா"ன்னு கேப்பாங்களே, அச்சு அசல் அதேதான். அவரு போன லீவுக்கு தாய்லாந்து போயிட்டு வந்தவரு, அங்க யானை கூட எடுத்த போட்டோ இன்னும் அவரு டிபில இருக்கு, கேப்பாரு.

"அங்க"ன்னா எங்கன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லவே வேண்டாம். மேட்டுப்பாளையத்த தாண்டி ஊட்டி ரோட்டுல மலையடிவாரத்துல இருக்கற வாட்டர் தீம் பார்க். கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு மூணு ஜில்லாவுலயும் ஸ்கூல் டூர்ன்னா பாதிக்கு மேல அங்கதான் போயி நிக்கும். நாங்க 2016ல மொத தடவ போனோம். நடுவுல கொரோனா ரெண்டு வருஷம், கொடைக்கானல் போயி சொதப்புன ஒரு வருஷம், இதெல்லாம் கழிச்சா இந்த மே மாசத்தோட ஏழு தடவ. ஏழு தடவையும் அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம், அதே ரூட்டு. அன்னூர்ல ஒரு பேக்கரி இருக்கு, வண்டி தானா அங்க ஓரங்கட்டிக்கும், நான் ஸ்டியரிங்க சும்மா புடிச்சுட்டு இருப்பேன், அவ்வளவுதான்.

மொத தடவ போன கதைய சொல்லியே ஆகணும். நான் இருக்கறது திருப்பூருங்க, பொழப்பு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். உலகத்துக்கே பனியன் போட்டு விடற ஊரு. பெரும பாருங்க, வீட்டுல எல்லாருக்கும் நூறு சதவீதம் காட்டன், 180 ஜிஎஸ்எம், எக்ஸ்போர்ட் குவாலிட்டி டிசர்ட்டு போட்டு கூட்டிட்டு போனேன். பூலுக்கு பக்கத்துல போனதும் ஒரு தம்பி விசில் ஊதி நிறுத்திட்டான். "அண்ணா, காட்டன் போட்டு எறங்கக் கூடாதுங்க, நைலான்தான்." நான் விடுவனா, துணியப் பத்தி எனக்கே பாடமான்னு அவன்கிட்ட யார்ன் கவுண்ட்டெல்லாம் பேசுனேன். அவன் பொறுமையா கேட்டுட்டு, "காட்டன் தண்ணி குடிச்சு கனமாயிரும்ண்ணா, நூல் பிரிஞ்சு பில்ட்டர்ல போயி அடைச்சுக்கும்"னான். உண்மைதான். இருவது வருஷமா அந்த துணியில பொழைக்கற எனக்கு அது தோணல பாருங்க. கடைசியில ஊருக்கே துணி போடற ஊர்லருந்து போன குடும்பம், வாடகைக்கு டிரஸ் எடுத்துப் போட்டுட்டு குளிச்சோம். என்ற பேண்ட்டு ப்ரீ சைஸாமா. அது ப்ரீயா இருந்துச்சு, நான்தான் இல்ல.

அடுத்த வருஷம் உஷாராயிட்டேன். கம்பெனியில ஒரு பாலியஸ்டர் ஆர்டர் கேன்சல் ஆயி குடோன்ல கெடந்துச்சு, புட்பால் ஜெர்சி, கண்ணக் குத்தற ஆரஞ்சு கலரு, முதுகுல எல்லாத்துலயும் 10ம் நம்பரு. சைஸுக்கு ஒண்ணா எடுத்துட்டு வந்தேன். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் எங்க குடும்ப யூனிபார்மே அதுதான். புள்ளைங்க வளர வளர அடுத்த சைஸு எடுத்துட்டு வருவேன், குடோன்ல இன்னும் நாப்பது பீஸ் இருக்கு. கூட்டத்துல காணாமப் போனா கண்டுபுடிக்கறது சுலபம், ஆனா ஒரு கெட்டது என்னன்னா, வருஷா வருஷம் கேட்டுக்கு முன்னால அதே எடத்துல அதே ஆரஞ்சு சட்டையில நின்னு எடுத்த போட்டோவுக எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதால, போனு போன வாரம் ஒரு மெசேஜ் போட்டுச்சு: ஒரே மாதிரி போட்டோக்கள் இருக்கு, அழிச்சரலாமான்னு. என்ற கல்யாண வாழ்க்கையில பாதிய டூப்ளிகேட்டுன்னு சொல்லிருச்சு.

சரி, சலிச்சுப் போச்சான்னா எனக்கு மூணாவது வருஷமே சலிச்சுப் போச்சுங்க. ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலயும் நம்ம வீட்டுல பொதுக்குழு கூடும். நான் கூர்க்கும்பேன், வயநாடும்பேன், தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்கேன் பேச்சுல. பொண்ணும் பையனும் கை தூக்கறதுக்கு முன்னாடியே எங்கம்மா தூக்கிரும். இத்தனைக்கும் எங்கம்மா இந்த ஏழு தடவையில ஒரு தடவ கூட தண்ணியில கால நனைச்சதில்ல. மரத்தடி பெஞ்சுல உக்காந்து பையப் பாத்துக்கறதுதான் அதோட வேல. "உனக்கு அங்க என்னம்மா இருக்குது"ன்னு ஒரு தடவ கேட்டே போட்டேன். "வீட்டுல உக்காந்தா ஆராச்சும் வேல வெப்பீங்க. அங்க உக்காந்தா பைய பாத்துக்கறேன்னு சொல்லிட்டு நாள் பூரா தூங்கலாம்"னுச்சு. இதுக்கு மேல என்னத்த பேசறது.

ஒரே ஒரு வருஷம் ஜெயிச்சேன், 2023ல. கொடைக்கானல். பழனி மல ஏறறப்பவே பையன் ரெண்டு தடவ வாந்தி, நாங்க புக் பண்ணுன ரிசார்ட்டுல (பேரு வேண்டாம்) வெந்நி வரும்னாங்க, வந்துச்சு, நாங்க கெளம்பற அன்னைக்கு. தூண் பாறை பாக்கப் போனோம். 400 அடி உசரப் பாறைங்க, லேசுப்பட்டதில்ல. போயி நின்னா மொத்தமும் பனி, வெள்ளத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி. "அப்பா பாற எங்க?" "அந்தா அந்த வெள்ளைக்குப் பின்னாடி இருக்குது சாமி." ஒரு மணி நேரம் அந்த வெள்ளையப் பாத்துட்டு நின்னோம், சோளம் தின்னோம், திரும்பி வந்தோம். ரெண்டு நாளும் பையன் கேட்டது ஒரே கேள்விதான், "ஸ்லைடு எப்பப்பா வரும்?" எங்கம்மா ஒண்ணும் சொல்லல, ஸ்வெட்டருக்குள்ள கைய விட்டுட்டு என்னைய ஒரு பார்வ பாத்துச்சு, அதுக்கு அது ரெண்டு வார்த்த வைதிருக்கலாம்.

2024ல ஊட்டின்னு முடிவு பண்ணி கெளம்பினோம். மல ரயில்ல போலாம்னு பாத்தா டிக்கெட்டு எப்பவோ காலி. 46 கிலோமீட்டரு, பல்சக்கரத்த புடிச்சு புடிச்சு ஏறும், அஞ்சு மணி நேரம் ஆகும், ஆனாலும் அந்த டிக்கெட்டுக்கு அடிதடிதான். சரி கார்லயே போலாம்னா, அந்த வருஷம்தான் ஹைகோர்ட்டு சொல்லி மே 7ந்தேதியிலருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டு வந்தாங்க. மெர்ச்சண்டைசர்ன்னு பேரு, ஷிப்மெண்ட்டுக்கு நூறு பேப்பர் ரெடி பண்றவன், குடும்பத்துக்கு ஒரு பாஸ் எடுக்க மறந்துட்டேன். கல்லார் செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே வண்டிய ஓரங்கட்டி போன்ல பார்ம் நிரப்ப ஆரம்பிச்சேன். ஓடிபி பொண்டாட்டி போனுக்குப் போகுது, அவ போனு எங்கம்மா பைக்குள்ள, பை டிக்கியில புளிசாதத்துக்கு அடியில. எல்லாம் எடுத்து நிமுந்து பாத்தா வண்டிக்குள்ள ஒருத்தரும் இல்ல. நான் ஓரங்கட்டுன எடம் பார்க்கு கேட்டுக்கு நேர் எதுக்கால. ஊட்டிக்குப் போற ரோட்டுலயே அத கொண்டு போயி வெச்சா எப்படிங்க ஊட்டி போயி சேர்றது? இதுல கூத்து என்னன்னா, டிக்கியில அந்த ஆரஞ்சு ஜெர்சி அஞ்சும் மடிச்சு ரெடியா இருந்துச்சு. ஸ்வெட்டர எடுத்து வெக்காத பொண்டாட்டி ஜெர்சிய எடுத்து வெச்சிருக்கா. கேட்டா, "சும்மா இருக்கட்டும்னு வெச்சனுங்க"ங்கறா.

இதே மாதிரி இன்னொரு கிறுக்கன் எங்க வம்சத்துலயே இருக்கான். பெரியம்மா பையன், அட்லாண்டாவுல. வருஷா வருஷம் குடும்பத்த ஏத்திக்கிட்டு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போவான். அது 1971ல தொறந்தது, உள்ள நாலு பெரிய பார்க்கு, அதுபோக ரெண்டு வாட்டர் பார்க்கு. அவங்க 1991லயே வெக்கேஷன் க்ளப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மொத்தமா காசக் கட்டி பாயிண்ட்டு வாங்கிக்கோ, வருஷா வருஷம் வந்து தங்கிக்கோன்னு வித்துட்டாங்க, ஒப்பந்தமெல்லாம் பல வருஷத்துக்கு. இவனும் வாங்கி வெச்சிருக்கான். "சலிக்காதாடா"ன்னு கேட்டேன். "சலிச்சாலும் போய்த்தாண்டா ஆகணும், காசு கட்டியாச்சு"ன்னான். நம்மளது பரவால்ல, பெட்ரோல், டிக்கெட்டு, பேக்கரி எல்லாஞ் சேத்து எட்டாயிரத்துல அடங்கிருது, பாயிண்ட்டும் இல்ல பத்திரமும் இல்ல.

எனக்கு மட்டும் சலிச்சு புள்ளைங்களுக்கு ஏன் சலிக்கலைங்கறது இந்த வருஷம்தான் புடிபட்டுது. ஒவ்வொரு ரைடுக்கு முன்னாலயும் ஒரு போர்டு இருக்கும் பாருங்க, ஒசரக் கோடு போட்டு. 120க்கு மேல இருந்தாத்தான் இது, 140க்கு மேல இருந்தாத்தான் அது. இடுப்புக்கு வர்ற கம்பி பெரிய உடம்ப வெச்சு செஞ்சது, சின்னப் புள்ள நழுவிரும், அதுக்குத்தான். பொண்ணுக்கு மொத மூணு வருஷம் பூரா அந்த முட்டியளவு கொளம்தான், காளான் மாதிரி ஒண்ணு தலையில தண்ணி ஊத்துமே, அதுக்கடியிலயே நிப்பா. அப்பறம் 120 தாண்டுனா, ஒரே நாள்ல ஆறு ஸ்லைடு தொறந்துருச்சு. அவளுக்கு அது புது பார்க்கு. போன வருஷம் 138ல நின்னா, அந்த பெரிய ரைடு கிட்ட போயி குதிகால ஒசத்தி நின்னு பாத்தா, தலமுடிய உச்சியில கொண்ட போட்டு பாத்தா, அந்த போர்டுக்காரத் தம்பி கொண்டைய அமுக்கிட்டு "அடுத்த வருஷம் வா பாப்பா"ன்னுட்டான். வருஷம் பூரா வீட்டுல கதவு நிலையில பென்சில் கோடுதான். பால் குடிக்க மாட்டேன்னு அடம் புடிச்சவ ரெண்டு டம்ளர் குடிச்சா.

எனக்கு அந்தப் பக்கம் வேற போர்டு. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகு வலி இருப்பவர்கள் தவிர்க்கவும். 2016ல அந்த போர்ட நான் படிச்சதே இல்ல. இந்த வருஷம் முழுசாப் படிச்சேன், டிஸ்க்கு ஒண்ணு வெளிய எட்டிப் பாக்குதுன்னு டாக்டர் படம் போட்டுக் காமிச்சிருக்காரு. வேவ் பூல்ல மட்டும் எறங்குனேன். சங்கு ஊதுனா அத்தன கூட்டமும் ஹோன்னு கத்திட்டு ஆழத்துப் பக்கம் ஓடும், அந்தச் சொவத்துக்குப் பின்னாடி பெரிய ப்ளோயரு காத்த அறைக்குள்ள அமுக்கி அமுக்கி விட தண்ணி இந்தப் பக்கம் அலையா வருது, அவ்வளவுதான் சங்கதின்னு பையனுக்கு எல்லா வருஷமும் வெளக்குவேன், ஒரு வருஷமும் அவன் முழுசாக் கேட்டதில்ல. நாலாவது அலையில ஒரு அம்மணி என்ற முதுகுல வந்து இடிச்சாங்க, டிஸ்க்கு ஞாபகம் வந்துருச்சு, மேல வந்துட்டேன்.

வந்து எங்கம்மா பக்கத்துல உக்காந்தேன். பெஞ்சுல எனக்கு எடம் விட்டு நகந்துச்சு பாருங்க, பல வருஷமா எதிர்பாத்துட்டு இருந்த மாதிரி. அப்பறம் ட்ரெயினிங் ஆரம்பிச்சுது. "பதினோரு மணி வரைக்கும் இந்த பெஞ்சு. அப்பறம் வெயில் வந்துரும், அந்த புங்க மரத்தடிக்கு மாறிக்கோணும். ரெண்டு மணிக்கு மறுக்கா இங்கயே வந்தர்லாம். பையோட வார கால்ல மாட்டிக்க, அப்பத்தான் கண்ண மூடலாம்." ஏழு வருஷ ஆராய்ச்சி! பாதியில ஒரு தம்பி பொண்டாட்டி கொழந்தையோட வந்து, "அண்ணா, மொத தடவ வர்றோம், எதுல மொதல்ல போறதுங்க?"ன்னு கேட்டான். நான் ஆரம்பிச்சேன் பாருங்க, காலைல கூட்டம் எங்க இருக்கும், சாப்பாட்டு நேரத்துல எந்த ஸ்லைடு காலியா கெடக்கும், ட்யூப்ல கனமான ஆளோட உக்காந்தா வேகமாப் போகும், கொழந்தைக்கு எந்தக் கொளம், எல்லாம். அவன் பொண்டாட்டி, "அண்ணா இங்க வேல பாக்கறீங்களா"ன்னு கேட்டுப்போட்டுது. எங்கம்மா முறுக்கக் கடிக்கற சாக்குல சிரிப்ப அடக்கிட்டு இருந்துச்சு.

மூணு மணி சுமாருக்கு பொண்ணு அந்த பெரிய ரைடுல ஏறுனா. போர்டுல 144. கொண்ட இல்லாம. கூட அவங்கம்மா. கட கட கடன்னு சங்கிலி இழுத்துட்டு மேல போச்சு, கீழ எறங்கறப்ப கேட்ட சத்தத்துல முக்காவாசி என்ற பொண்டாட்டியோடது, அது எனக்கு எங்க இருந்தாலும் தெரியும். பொண்ணு சத்தமே போடல.

எறங்கி வந்தா. தல சொட்டச் சொட்ட, ஒதடு நீலம் பூத்து, 10ம் நம்பர் ஜெர்சி ஒடம்போட ஒட்டி. துண்ட போத்தி விட்டேன். ரெண்டு முறுக்கு தின்னா. அந்த ரைட திரும்பி ஒரு தடவ பாத்தா.

"அப்பா, எல்லாமே போயாச்சு. அடுத்த வருஷம் வேற எங்கியாச்சும் போலாமா?"

ஏப்ரலுக்கு ஏப்ரல் நான் கேக்கற கேள்விங்க அது. வாயில வந்தது என்னன்னா, "ஏன் கண்ணு, இங்க என்ன கொறச்சல்?"

எங்கம்மா முழிச்சுட்டு எந்திரிச்சு உக்காந்துச்சு. பொண்ணு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. நான் மெதுவா பையன இழுத்து பக்கத்துல நிறுத்தி, அவன் ஈரத் தலையில கைய வெச்சு, "தம்பி இன்னும் 126லதான் இருக்கான் சாமி, அவனுக்கு இன்னும் 14 சென்டிமீட்டர் பாக்கி இருக்குது"ன்னேன்.