ரயில் அந்தப் பக்கம், பாட்டி இந்தப் பக்கம்

அனிமேஷன் படித்த இரண்டாம் வருஷம் நான் செய்த முதல் குறும்படத்தில், ஒரு பாட்டி காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் மகனுக்காகக் காத்திருப்பார். ராத்திரி பகலாக வரைந்து முடித்து வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏண்டா, ரயிலு அந்தப் பக்கத்துலேருந்து வருது, அந்தம்மா ஏன் இந்தப் பக்கம் பாக்குறாங்க?"

வைடு ஷாட்டில் கேமராவை நடைமேடையில் வைத்திருந்தேன், பாட்டி வலது பக்கம் பார்க்கிறார். குளோஸப்பில் கேமராவைத் தண்டவாளப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். நிஜத்தில் பாட்டி திரும்பவே இல்லை, ஆனால் திரையில் பார்வை இடது பக்கம் போய்விட்டது. 180 டிகிரி விதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்; பாத்திரத்தின் பார்வையை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்க வேண்டும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், வரையும்போது கைக்கு வரவில்லை. கெட்டுப்போனது 14 வினாடி. விநாடிக்கு 24 பிரேம், ஒரு படம் இரண்டு பிரேமுக்கு நிற்கும் என்று வைத்தாலும் 168 படங்கள். அத்தனையையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப வரைந்தேன்.

சினிமா எடுப்பவர்கள் ஒரே காட்சியை நாலைந்து கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், ஒன்று ஒட்டவில்லை என்றால் எடிட்டிங் மேஜையில் இன்னொன்றைப் போட்டுப் பார்க்கலாம். நமக்கு அந்த வசதி கிடையாது, வரையாத கோணம் என்று ஒன்று எங்கேயும் இருக்காது. அதனால் நம் தொழிலில் எடிட்டிங்கின் பெரும்பகுதி ஸ்டோரிபோர்டிலும் (காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது) அனிமேட்டிக்கிலுமே (அந்தக் கட்டங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்ப்பது), அதாவது வரைய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் நாம் சாஃப்ட்வேரை முதலில் கற்றுக்கொண்டு கட் பண்ணுவதைக் கடைசியில் கற்கிறோம். இது எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

நான் பிறகு பழகிய வழி இது. பிடித்த படம் எதிலிருந்தாவது ஐந்து நிமிஷக் காட்சி ஒன்றை எடுங்கள், சத்தத்தை அணைத்துவிடுங்கள், ஷாட் மாறும் ஒவ்வொரு கட்டுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டுக் குச்சி மனிதர்களை வரையுங்கள், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று அம்புக்குறி, பக்கத்தில் எத்தனை வினாடி. அவ்வளவுதான். நாலாவது காட்சிக்குள் யாருடைய முகம் எப்போது பெரிதாகிறது, யாரை வேண்டுமென்றே தூரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் பட ஆரம்பிக்கும்.

குலெஷோவ் சோதனையையும் கட்டாயம் படியுங்கள். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை எல்லாவற்றையும் கண்டார்கள் என்பார்கள். முதல் தடவை நான் பாட்டியின் புருவத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பச் செய்தபோது காலி பெஞ்சு, மடியில் துணிப்பை, அதற்கப்புறம் அசையாத முகம், அவ்வளவே. அம்மா பார்த்துவிட்டு, "பையன் வந்தானா இல்லையாடா?" என்றார்.

இதெல்லாம் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பாருங்கள், உடம்பின் பாரம் பின்னங்காலில் எப்படி இறங்கியிருக்கிறது என்று. கீ போஸுக்கு, அதாவது ஓர் அசைவின் முக்கியமான நிலையை வரைவதற்கு, அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதைவிட முக்கியம் தெருக்கூத்து, நம் வட ஆற்காட்டு மண்ணின் சொத்து. துரியோதனன் வருகிறான் என்றால் சட்டென்று வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள், பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், நம்மைத் தவிக்க விட்டுத்தான் திரை விலகும். ஓர் அறிமுகக் காட்சியை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதை நான் அங்கேதான் கற்றேன். கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் ஏன் அத்தனை அகலம்? கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும் உருவத்தின் விளிம்பை வைத்தே வந்தது ராஜா என்று தெரிந்துவிடும். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி அடையாளம் தெரிகிறதா என்று நாம் சோதிக்கிறோமே, அதே கணக்கு.

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது ஒருநாள் போங்கள். போனில் எடுக்காதீர்கள், நோட்டும் பென்சிலும் போதும். முன்னால் உட்காராமல் கடைசியில் உட்கார்ந்து வரையுங்கள். ஒரு பாய் எடுத்துக்கொண்டு போங்கள், விடிய விடிய நடக்கும்.