பீக்கன் வாங்கியாச்சு, பதிவு செய்தாச்சா?

ஆஸ்திரேலியாவில் மலை, காடு என்று நடக்கப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளும் பி.எல்.பி (PLB) என்பது உள்ளங்கை அளவு அவசரக்கால பீக்கன், அதாவது ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கருவி. மொபைல் டவரே இல்லாத பள்ளத்தாக்கிலும் பட்டனை அழுத்தினால், 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். அங்கிருந்து கான்பெராவில் உள்ள ஆம்சாவின் (AMSA, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு வந்துவிடும். மாதச் சந்தா கிடையாது. ஆனால் கால் ஒடிந்ததா, பாம்பு கடித்ததா என்று அது சொல்லாது. அதனிடமிருந்து போவது 15 இலக்க அடையாள எண். ஜிபிஎஸ் இருந்தால் இருப்பிடமும். மற்ற எல்லாவற்றையும், பீக்கனை வாங்கியதும் நீங்கள் ஆம்சாவில் செய்த பதிவைப் பார்த்துத்தான் மையத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் பதிவைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்.

வாங்கும்போது ஜிபிஎஸ் உள்ளதையே வாங்குங்கள். அது தரும் இடம் சுமார் 120 மீட்டருக்குள் இருக்கும். இல்லாததில் 5 கிலோமீட்டர் சுற்றளவில் தேடுவார்கள். பிறகு நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு 503. அந்தக் குறியீடு அடையாள எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது: எண் 3-ஈ-ஈ (3EE), பி-ஈ-ஈ (BEE) என்பதுபோலத் தொடங்கினால் ஆஸ்திரேலியாவுக்கானது. 2-டி-சி (2DC) என்றிருந்தால் அது அமெரிக்கக் குறியீடு. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று வெளிநாட்டுப் பீக்கனை வாங்கினால், இங்கே பதிவு செய்வதற்கு முன் குறியீட்டை மாற்றித் தர ஆள் தேட வேண்டியிருக்கும். மிச்சப்படுத்திய காசு அதிலேயே போய்விடும்.

பதிவு ஆம்சா இணையதளத்தில், இலவசம். எண்ணைத் தட்டும்போதுதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. அதில் வருவது 0 முதல் 9 வரை, ஆங்கில ஏ முதல் எஃப் வரை மட்டும். 'ஓ' என்ற எழுத்தே கிடையாது. வட்டமாக எது தெரிந்தாலும் பூஜ்யம்தான். லேபிளில் 8-ம் ஆங்கில 'பி'யும் பொடி எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும், மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் உரிமையை மாற்றிப் பதியுங்கள். இல்லையென்றால் நீங்கள் பட்டனை அழுத்தும்போது போன் பழைய சொந்தக்காரருக்குப் போகும்.

அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் நம்மவர்கள் பழக்கதோஷத்தில் ஊரில் இருக்கும் அம்மா அப்பா எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். மையத்திலிருந்து அழைப்பு நடுராத்திரியில் வரலாம். தெரியாத வெளிநாட்டு எண் என்று எடுக்காமலும் போகலாம். எடுத்தாலும் நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவிலேயே இருக்கிற, நடைப்பாதை, உடன் வருபவர்கள், கார் எங்கே நிற்கிறது, எப்போது திரும்புவீர்கள் என்று தெரிந்த நண்பர் இருவரைப் போடுங்கள். தெரியாத எண் வந்தாலும் எடுக்கச் சொல்லிவையுங்கள். பயண விவரத்தைப் பதிவிலேயே சேர்க்கவும் வசதி உண்டு. ஆஸ்துமா, சர்க்கரை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

எப்போதாவது ஒருமுறை போகிறவர்கள் சொந்தமாக வாங்கவே வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் ப்ளூ மவுண்டன்ஸ் போகிறவர்களுக்கு பிளாக்ஹீத் தேசியப் பூங்கா மையத்திலும் கட்டூம்பா காவல் நிலையத்திலும் இலவசமாகவே இரவல் தருகிறார்கள். பயணப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

சோதனைக்குத் தனி பட்டன் உண்டு. கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு மேல் அதை அழுத்தாதீர்கள், ஒவ்வொரு சோதனையும் பேட்டரியைத் தின்னும். ஆண்டெனாவை நிமிர்த்தி நிஜப் பட்டனை 'சும்மா' அழுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காதீர்கள். வானம் திறந்த இடமாகப் பாருங்கள். பாறை இடுக்கில் இருந்தால், ஏற முடிந்தால் மேலே வாருங்கள். ஆண்டெனாவை முழுவதும் விரித்து, நேராக வானத்தைப் பார்த்து நிற்க வையுங்கள். ஜிபிஎஸ் இருக்கும் பகுதியைக் கையால் மூடாதீர்கள். அழுத்திய பிறகு அணைக்கக் கூடாது, இடம் மாறக் கூடாது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நடுவில் அணைத்து அணைத்துப் போடுவது பெரிய தவறு: 24 மணி நேரமாவது தொடர்ந்து ஓடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் வந்த ஹெலிகாப்டர், பீக்கன் கூடவே அனுப்பும் 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடித்துத்தான் உங்களை நெருங்கும். அதன் காற்றில் கூடாரமும் பாயும் பறக்கும், முன்பே கட்டிவையுங்கள். மோசமான வானிலையில் மணிக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். குளிருக்கு உடுப்பும் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

தெரியாமல் அழுந்திவிட்டதா? உடனே அணைத்துவிட்டு 1800 641 792-க்குப் போன் செய்து சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பேசாமல் இருந்தால்தான் வீண் தேடல் தொடங்கும்.

இந்தியா போகும்போது பீக்கனைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாத செயற்கைக்கோள் கருவிகளால் விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள்.

பேட்டரி காலாவதித் தேதி வெளியிலேயே அச்சிட்டிருக்கும். தேதி தாண்டிய பீக்கனைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், உள்ளே மிச்சச் சக்தி இருக்கும். குப்பைக் கிடங்கில் இயந்திரம் நசுக்கி இயங்கத் தொடங்கினால், தேடல் குழு குப்பைமேட்டைத் தேடிக்கொண்டு வரும். பேட்டரி மறுசுழற்சி செய்யும் கடையில் கேட்டு, பேட்டரியை அவர்களையே கழற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆம்சா பதிவிலும் 'அப்புறப்படுத்தியது' என்று மாற்றிவிடுங்கள்.