ஸ்கேன் நார்மல் என்று சொன்ன பிறகு

சிறிய மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்ப்பவர்களுக்குத் தலைக்காயம் புதிதல்ல. வண்டியிலிருந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர், விளையாட்டில் மோதிக்கொண்ட பையன் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் தாங்களே நடந்து வருவார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். எங்களிடம் நியூரோ சர்ஜன் கிடையாது. தேவைப்பட்டால் ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். வைத்துப் பார்ப்பதா, அனுப்புவதா என்ற கேள்வியிலேயே எங்கள் கவனமெல்லாம் போய்விடுகிறது. பல வருடங்கள் இந்த வேலையைச் செய்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. லேசான தலைக்காயத்துக்கு நாங்கள் தரும் சிகிச்சையே, சில மணி நேரம் ஒழுங்காகக் கவனிப்பதும் வீட்டுக்கு அனுப்பும்போது உட்கார்ந்து பேசுவதும்தான். இரண்டையுமே 'சும்மா வைத்திருந்து அனுப்பினோம்' என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

அடிபட்டவர் எவ்வளவு விழிப்போடு இருக்கிறார் என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ கோமா அளவீட்டை 1974இல் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. 13 முதல் 15 வரை இருந்தால் லேசான காயம் என்று எழுதுகிறோம். ஆனால் 13 இருப்பவரையும் 15 இருப்பவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. 13 என்றால் எனக்குக் கவலைதான். 15 என்றாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் இளைஞர், பெயர் கேட்டால் சரியாகச் சொன்னார், இடம், மாதம் எல்லாம் சரி. மதிப்பெண் முழுசாக வந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து "டாக்டர், என் வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றார். பதில் சொன்னேன். மறுபடியும் அதே கேள்வி, அதே குரலில், முதல் முறை கேட்பதுபோல. புதிதாக நடப்பது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அவரோடு தொடர்ந்து பத்து நிமிடம் பேசியிருக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. கூட வந்திருந்த அவருடைய அக்கா, "இவன் இப்படிப் பேசுறவனே இல்லை சார்" என்றார். வீட்டார் அப்படிச் சொன்னால் அதை நான் ஒரு பரிசோதனை முடிவுக்கு நிகராகவே எடுத்துக்கொள்வேன்.

யாருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும் என்பதற்கு 2001இல் வெளியான கனடிய விதி இன்றும் கை கொடுக்கிறது. அடிபட்டபோது நினைவு தப்பியிருந்தாலோ, நடந்தது மறந்துபோயிருந்தாலோ, குழப்பம் இருந்தாலோதான் இந்த விதிக்கே வர வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகியும் மதிப்பெண் 15ஐ எட்டவில்லை, இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல், மண்டையோடு உடைந்து உள்ளே அமுங்கிய சந்தேகம், காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கருநீலம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்துபோயிருப்பதும், மூன்றடி உயரத்துக்கு மேலிருந்து விழுந்ததும், நடந்து போனவர் மேல் வண்டி மோதியதும் அடுத்த நிலையில் வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களை இந்த விதி சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்கு ஸ்கேன் பக்கமே சாய வேண்டும். அதனால் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவேன்.

குழந்தைகள் விஷயம் தனி. 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, யாருக்கு ஸ்கேன் இல்லாமலே சமாளிக்கலாம் என்று காட்டியது. கதிர்வீச்சை நினைத்தால் அது பெரிய உதவி. மண்டை எக்ஸ்ரே எடுத்துத் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். எலும்பு நன்றாக இருந்தும் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

குடித்திருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். வாயில் வாடை வந்தாலே 'போதை தெளியட்டும்' என்று ஓரமாகப் படுக்க வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அது துளியும் ஏற்புடையதில்லை. போதையும் மூளைக்குள் ரத்தக்கசிவும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மயக்கத்துக்குக் காரணம் தலைக்காயம்தான் என்று எடுத்துக்கொண்டு, அது இல்லை என்று தெளிவாகும்வரை பார்க்க வேண்டும்.

அப்புறம் கண்காணிப்பு. மதிப்பெண் 15 வரும்வரை அரை மணிக்கு ஒரு முறை, வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு முறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். தாளில் எழுதுவது சுலபம். விடிகாலை மூன்று மணிக்குத் தூங்குபவரைத் தட்டி எழுப்பி, திட்டு வாங்கிக்கொண்டு, டார்ச் அடித்துக் கண்மணி பார்ப்பது சிஸ்டர்தான். எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர், எழுப்பியதும் "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, யாரு கொண்டுவந்தாங்க?" என்று கேட்பார். பெயரும் ஊரும் தூக்கக் கலக்கத்திலும் வாயில் வந்துவிடும், சாப்பாட்டுக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் 'முந்தைய முறையைவிட மெதுவாகப் பதில்' என்று ஒரு வரி எழுதி வைப்பார். அந்த வரியைப் பார்த்துத்தான் ஒரு நோயாளிக்கு மறுபடி ஸ்கேன் எடுத்து, விடியும் முன்பே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நெற்றிப்பொட்டு எலும்பின் உள்பக்கம் ஓடும் தமனி கிழிந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் சரிந்துவிடுவார். நாடி குறைந்து ரத்த அழுத்தம் ஏறுவதெல்லாம் கடைசியில்தான் தெரியும். முதலில் மாறுவது பேச்சும் விழிப்பும். ஆறு தடவையும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல 15, 15 என்று நிரப்பிய சார்ட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஸ்கேனில் துளி ரத்தம் தெரிந்தவுடன் எல்லோரையும் அனுப்பத்தான் வேண்டுமா? அரிசோனாவில் உருவாகி 2014இல் வெளியான மூளைக்காய வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. ரத்தக்கட்டு 4 மில்லிமீட்டருக்குள், மண்டையோட்டு முறிவு இல்லை, போதை இல்லை, ரத்தம் உறையாத மாத்திரையும் இல்லை, நரம்புப் பரிசோதனையும் சரி என்றால் ஆறு மணி நேரம் கவனித்தால் போதும் என்றது. எங்களைப் போன்ற இடங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் படத்தைப் பெரிய மருத்துவமனை நிபுணர் போனிலாவது பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், இரவில் ஆள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத நாளில் அனுப்பிவிடுவதே மேல்.

சரி, எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம். இங்கேதான் எங்கள் பக்கம் பெரிய ஓட்டை. அமெரிக்காவின் பெரிய விபத்து சிகிச்சை மையங்களில் எடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்விலேயே, வீட்டுக்குப் போகும்போது விளக்கக் குறிப்பு கிடைத்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம்தான். மூன்று மாதத்துக்குள் ஒரு மருத்துவரையாவது பார்த்தவர்கள் 44 சதவீதம். அவ்வளவு வசதி உள்ள இடங்களிலேயே இந்த நிலை.

நான் நோயாளியிடம் சொல்வதைவிடக் கூட வந்தவரிடம்தான் அதிகம் சொல்வேன். தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், எழுப்பினால் எழாவிட்டால், வலிப்பு வந்தால், ஒரு கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், நேரம் காலம் பார்க்காமல் கூட்டிவாருங்கள். சொல்லி முடித்ததும் "எப்ப திரும்பக் கூட்டிட்டு வருவீங்க, சொல்லுங்க" என்று அவரையே திருப்பிச் சொல்ல வைப்பேன். பாதி பேருக்கு வாந்தி மட்டும்தான் நினைவிருக்கும். மறுபடி சொல்வேன். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தலைவலி தாங்கும் அளவுக்கு நடை, வேலை, படிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். திரும்ப மோதல் வரக்கூடிய விளையாட்டுக்கு மட்டும் முழுசாகத் தேறும்வரை போகக் கூடாது. மறதி, எரிச்சல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், தூக்கம் கெடுவது இதெல்லாம் பெரியவர்களில் பலருக்கு இரண்டு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மாதங்கள் இழுக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஸ்கேன் நார்மல் என்றார்களே, இவன் நடிக்கிறான் என்று வேலையிடத்திலும் வீட்டிலும் பேச்சு வாங்குவது அந்த மனிதர்தான். அதனால் சான்றிதழில் விடுப்பு நாளோடு, முதல் வாரம் அரை நாள் வேலை, இரவு ஷிஃப்ட் வேண்டாம், உயரத்தில் ஏறும் வேலை வேண்டாம் என்று விவரமாக எழுதித் தருகிறேன். வயதானவர் என்றால் இன்னொரு வரியும் சேர்ப்பேன்: சில வாரம் கழித்து நடை தள்ளாடினாலோ, ஆள் மந்தமானாலோ வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல், இந்தச் சீட்டோடு மறுபடி ஸ்கேனுக்கு வாருங்கள்.