ஏழாவது வாரம்தான் வாய் திறந்தேன்

அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் இரவு இரண்டு மணிக்கு எனக்கு டம்ளர் சத்தம் கேட்டது. பக்கவாதத்தில் படுத்திருந்த மூன்று ஆண்டுகளும் அவருக்குப் பேச்சு வரவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். அதற்கு எழுந்து பழகிய உடம்பு, அவர் இல்லாத வீட்டிலும் எழுந்துகொண்டது. நெஞ்சு படபடக்கும், விடியும்வரை தூக்கம் வராது. பள்ளியில் கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு மீதி மறந்து நின்ற அன்றுதான் யாரையாவது பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பார்த்த மனநல ஆலோசகர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "இதோ பாரும்மா, பிறந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் போகத்தான் வேண்டும்" என்று ஆரம்பித்துவிட்டார். துக்க வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் சொன்னதுதான். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அது நல்ல பயிற்சிதான், இன்றும் செய்கிறேன். இருந்தும் இரண்டாவது தடவைக்குப் பிறகு போகவில்லை. அவரிடம் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. கவுன்சிலிங் நமக்குச் சரிப்படாது என்று ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஆலோசகரை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது ஆலோசகர் திருச்சியில் இருந்தார். தஞ்சாவூரில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வாரா வாரம் சனிக்கிழமை பஸ் ஏறினேன். முதல் நாளே சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னார். ஒரு சந்திப்பு ஐம்பது நிமிடம். பேசுவது வெளியே போகாது; ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் அந்த உறுதியைத் தளர்த்த வேண்டியிருக்கும். வெளியில் எங்காவது பார்த்துக்கொண்டால் அவராக வந்து பேச மாட்டார், நான் பேசினால் பேசுவார். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் ஏனோ தோள் லேசானது.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடினேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்று கூப்பிட வாய் வந்தது. நம் ஊரில் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால் உறவுமுறை ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறதே! தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டார். யோசித்தால், ஆமாம். யாரையாவது கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த இடத்தில் இருக்க எனக்கு உரிமை உண்டு என்பதைப்போல வாழ்ந்திருக்கிறேன். அக்காவாக இருந்திருந்தால் டப்பாவை வாங்கி உள்ளே வைத்திருப்பார், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் அவர் கேட்டார்: "அப்பா உங்களுக்குப் பாரமாக இருந்தாரா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்றும் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. அன்று மாலை ஒரு செய்தி வந்தது: "இன்று நீங்கள் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை உங்கள் நேரம் அப்படியே இருக்கிறது."

ஏழாவது வாரம் போய் உட்கார்ந்ததும், "நீங்கள் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை" என்றேன். குரல் நடுங்கியது. ஐம்பதை நெருங்கும் வயதில், எனக்கு உதவி செய்கிற ஒருவரிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் காரணம் சொல்லவில்லை, சமாளிக்கவும் இல்லை. "நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்தக் கேள்வி உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். அப்பா இறந்த இரவும் டம்ளர் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் கழித்து எழுந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். விழித்தபோது விடிந்திருந்தது.

"உங்கள் மேல் தப்பில்லை" என்று அவர் உடனே சொல்லியிருந்தால் நான் மறுபடி மூடிக்கொண்டிருப்பேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை இத்தனை நாளும் தனியாகவே வைத்திருந்தீர்களா?" என்றார். அழுதேன். மறு வாரத்திலிருந்து தூக்கத்துக்கான வேலைகளை இருவரும் சேர்ந்து பேசி முடிவுசெய்தோம். படுக்கும் முன் எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை என்றேன், மாற்றினார். மூன்று மாதத்தில் பெரும்பாலான இரவுகள் தொடர்ந்து தூங்கினேன்.

பின்னால் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் ஆலோசகருக்கும் அவரிடம் வருபவருக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பிரித்திருக்கிறார்: எதற்காக வருகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. முதல் ஆலோசகரிடம் எனக்கு எது இல்லாமல் போனது என்று அந்தப் பக்கத்தில்தான் புரிந்தது. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. சிகிச்சை முறை எதுவானாலும் உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்திருக்கிறது. உறவு மட்டுமே எல்லாம் என்று அது சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சியும் வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை "பிடிக்கவில்லை" என்று சொல்ல இடம் கிடைக்காமல் போயிருந்தால், எந்தப் பயிற்சியும் அந்த ஐந்து நிமிடத்தைத் தொட்டிருக்காது.

போன தை மாதம் அம்மாவை ஸ்ரீரங்கம் அழைத்துப் போயிருந்தேன். கோபுர வாசலில் எதிரே அவர் வந்தார். என்னைப் பார்த்தார், சொன்னபடியே பேசாமல் நடந்தார். நானே போய் வணக்கம் சொன்னேன். "யாரடி அது?" என்று அம்மா கேட்டாள்.

"என் கவுன்சிலர் அம்மா. அப்பா போன பிறகு இவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன்" என்றேன்.