பாட்டியும் பேத்தியும் ஒரே பெஞ்சில்

கம்போடியாவின் சியாம் ரீப் நகரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு புத்த விகாரையில் நான் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பித்தேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே பாடப்புத்தகம், ஒரே தேர்வு என்றே என் பணிக்காலம் முழுவதும் கழிந்திருந்தது. இங்கே மாலையில் விகாரை மண்டபத்தில் கூடியவர்களோ பள்ளிச் சிறுமிகள், இளம் துறவிகள், ஓட்டலில் அறை துப்புரவு செய்யும் பெண்கள், நம் ஆட்டோவைப் போன்ற டுக்டுக் வண்டிகளின் ஓட்டுநர்கள், அறுபதைக் கடந்த ஒரு பாட்டி. அவருடைய பேத்தியும் அதே வகுப்பில்தான் இருந்தாள்.

இவர்களை வயதுவாரியாகப் பிரித்துவிட்டால் என்ன என்று வெளியிலிருந்து வருகிற எவருக்கும் முதலில் தோன்றும். அந்த நாட்டின் வரலாறு தெரிந்தால் அப்படித் தோன்றாது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களும் படித்தவர்களும் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். அப்போது வகுப்பறையில் இருந்திருக்க வேண்டிய சிறுவர்கள் வயலுக்கும் வாய்க்கால் வெட்டவும் அனுப்பப்பட்டார்கள். அடுத்த பத்தாண்டில் வெளிநாட்டு மொழி என்றால் ரஷ்ய மொழியும் வியட்நாமிய மொழியும்தான். 1992-இல் ஐ.நா. அமைதிப் படை வந்த பிறகுதான் ஆங்கிலத்துக்கு மவுசு பிறந்தது. 1999-இல் கம்போடியா தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்ததும், பின்னர் சுற்றுலா பெருகியதும் அதை வயிற்றுப்பாட்டோடு கட்டிவிட்டன. ஆக, பாட்டிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய பெஞ்ச் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து அவரை எழுப்பித் தனி வகுப்புக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் லாங் பீச் நகரத்தில் ஏராளமான கம்போடியர்கள் வாழ்கிறார்கள். பாட்டியின் தம்பி குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கம்போடியாவின் தாய்மொழியான கெமர் வராது. தொலைபேசியில் அவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வகுப்புக்கு வந்தார்.

உண்மையான சிக்கல் பாடத்தில் இல்லை, மரியாதையில் இருந்தது. நம்மைப் போலவே அவர்களும் அண்ணன், அக்கா, மாமா, பாட்டி என்று வயதறிந்து முறை வைத்தே அழைப்பார்கள். பெரியவர் ஒருவர் தடுமாறி வாசிக்க, எட்டு வயதுப் பிள்ளை அதைத் திருத்தினால் அந்தப் பெரியவர் மறுநாள் வரமாட்டார். விகாரையில் நிரந்தரமாகக் கற்பித்து வந்த இளைஞர் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தார். பெரியவர்களை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதே இல்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்க அனுப்புவார். சந்தையில் மீன் என்ன விலை, எத்தனை மாடு இருக்கிறது, மழை எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பெரியவர் கெமர் மொழியில் பதில் சொல்வார். பிள்ளை அதை ஆங்கிலமாக்கும், பெரியவர் திருப்பிச் சொல்வார். விஷயம் பெரியவருடையது, உச்சரிப்பு பிள்ளையுடையது. யாரும் யாரையும் திருத்தியதாக ஆகாது. பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத நுட்பம் அது.

அதோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் பிள்ளைகளிடம் நான் கெமர் எழுத்துக் கற்றேன். பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. கரும்பலகையில் நான் எழுதுவதையும் பிள்ளைகள் என்னைத் திருத்துவதையும் ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியையே திருத்தப்படலாம் என்று கண்ட பிறகு அவர்களுக்கும் வாய் திறந்தது.

ஓட்டுநர்களுக்கு வேண்டியது இலக்கணம் அன்று, எண்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொன்னால் பயணம் முடிந்ததும் சண்டைதான். டாலரில் பேசும் ஊரில் அது ஒரு நாள் வருமானம். ஓட்டல் பெண்களுக்குச் சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலி நழுவிவிடும். ‘ஹவுஸ்’ என்பதில் அந்த ஒலியே கேட்காது. நம் பிள்ளைகள் ‘பஸ்ஸு’ என்று கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டிக்கொள்வார்கள், இவர்கள் இருப்பதையும் விட்டுவிடுவார்கள். துறவிகளுக்கு ஒரு பெண் நேரடியாகக் கையில் நோட்டு கொடுக்கக் கூடாது என்பதால் அவர்கள் முன்னே மேசையில் வைத்துவிடுவேன்.

இரண்டு வாரம் தங்கும் தன்னார்வலர்கள் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் ஒவ்வொருவரும் நிறங்களிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் புதிதாகத் தொடங்குகிறார்கள். அந்தச் சிறுமிகள் ‘யானை’யை எத்தனை முறைதான் கற்பார்கள்? வருகிறவர் போகிறவர் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அங்கே நிரந்தரமாக இருப்பவர் அந்த இளைஞர்தான். நாம் அவருக்குத் துணையாக நிற்க வேண்டுமே தவிர, அவரை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் அவரும் நானும் ஒரு நோட்டு தொடங்கினோம். அன்றன்று என்ன நடத்தினோம், யாருக்கு எது வரவில்லை என்று கெமரிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தோம். நான் கிளம்பும் வாரத்தில் வந்த புதிய தன்னார்வலரிடம் அதைக் கொடுத்து, முதல் சில நாள் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கச் சொன்னார் அந்த இளைஞர். பாட்டி தொலைபேசி உரையாடலில் இறந்தகாலம் வரை வந்திருக்கிறார், ஓட்டுநர்களுக்கு நூறுக்கு மேற்பட்ட எண்கள் இன்னும் பாக்கி என்று அதில் இருந்தது.